மைக்கேல் பாரடே கற்ற மற்றொரு கல்வி

நமது கலாசாலையின் பௌதிகப் பரிசோதனைச்சாலையிற் பழகிய மாணவர் எவர்க்கும் மைக்கேல் பாரடே என்னும் பெயர் புதிதன்று. மின்சாரத்தை உற்பத்தி செய்யும் யந்திரத்திற்கும், மின்சாரத்தாற் சுழலும் யந்திரத்திற்கும் அடிகோலியவர் அவரே. அவ்வரலாறு பாடபுத்தகங்களில் விரிவாகக் காணப்படுவதால் அதனை நாம் மீட்டும் எழுதப் புகவில்லை. வேலைக்குச் செல்லும் இளைஞர் கையிற் கொண்டுபோகும் நற்சாட்சிப் பத்திரங்களில் எழுதப்படாத வேறொரு கல்வி உண்டு. எஜமானரிடத்தும் உடன் வேலை செய்வோரிடத்தும் பேசவும், கேட்கவும், பொறுக்கவும், வேண்டுமிடத்து மறுக்கவும் அறிந்திருத்தலே அது. இது சிலர்க்குப் பிறவியிலேயே வாய்ப்பதென்றும், வாயாதவர் என் செய்தும் பயனில்லையென்றும் நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். பாரடேயின் சரித்திரத்தைப் படித்தபோது நம் எண்ணம் மாறிற்று. அவர் இக்கல்வியைக் காசு கொடுத்தும், நண்பரை வேண்டியும், ஒரு முறை தவறிப் பெருந்துன்பம் அடைந்தும் கற்றுக்கொண்டவர்.

அவர் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆந் தேதி இலண்டன் நகரையடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் கொல்லுத்தொழில் செய்து பிழைத்தவர், நோயாளியுமாவார். 1801-ஆம் ஆண்டிலே தானிய விலை மிகவும் ஏறியிருந்தபோது, வாரத்துக்கு ஒரு ரொட்டியே சிறுவர் மைக்கேலின் பங்காகக் கிடைத்ததாம். வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சிறிது கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அதற்குள்ளும் அவருடைய நாவினால் ஒரு தொல்லை நேர்ந்தது. ரகரம் அவர்க்கு வாராது. தமையன் இராபர்ட்டை வாபர்ட் என்றே அழைப்பார். ஆசிரியை சினங்கொண்டு, பிரம்பு வாங்கிவரும்படி அரைப்பென்னிக் காசைத் தமையனிடமே கொடுத்தனுப்பினாள். தம்பியை அடிப்பதற்குத் தானே பிரம்பு வாங்குவதா என்று அவன் அக்காசை மதிலுக்கப்பால் எறிந்துவிட்டுத் தாயிடம் ஓடிச் சொல்ல, தாய் இருவரையும் அப்பள்ளியினின்று நிறுத்திவிட்டாள் என்பர். இந்த நாக்குடைய பிள்ளையே பிற்காலத்தில் இலண்டன் நகரத்துப் பிரபுக்களும் சீமாட்டிகளும் கூடி வந்து கேட்ட உபந்நியாசகர் ஆனார்.

1804-ஆம் ஆண்டில் பிளாண்ட்போர்டு வீதியிலிருந்த ரீபோ என்னும் புத்தக வியாபாரியிடம் ஏவல்வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் அவர் காட்டிய உண்மையைக் கண்டு, மறு ஆண்டிலே கட்டணம் ஒன்றும் வாங்காமல் ஏழாண்டு ஒப்பந்தத்தின்மேல் புத்தகங் கட்டும் தொழிலை ரீபோ கற்பிக்கத் தொடங்கினார். கட்ட வந்த புத்தகங்களை மைக்கேல் படித்தார். பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், மார்செட் அம்மையார் எழுதிய இரசாயன நூலும் அவர் மனத்தைக் கவர்ந்தன. 1810-ஆம் ஆண்டு முதல் டாட்டம் என்பவர் தம் வீட்டில் இரவுவேளையில் நிகழ்த்திய சாஸ்திர உபந்நியாசங்களுக்குப் போய்வந்தார். ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதனைக் கொடுத்தவர், அப்போது கொல்லுத்தொழிலில் இருந்த அதே தமையன் இராபர்ட். கேட்டவற்றை ஒழுங்காக எழுதிப் படங்களும் வரைந்தார். படம் வரையக் கற்பித்தவர் ரீபோவின் வீட்டில் குடியிருந்த மாஸ்கரியே என்னும் பிரெஞ்சு ஓவியர். அதற்குக் கைம்மாறாக அவருடைய அறையைத் துடைத்தும் பாதரட்சைகளுக்கு மெருகிட்டும் வந்தார் நம் மாணாக்கர்.

அக்குறிப்புகளின் அழகே அவர்க்கு வழி திறந்தது. ரீபோ அவற்றைத் தம் கடைக்கு வருவோர்க்குக் காட்ட, டான்ஸ் என்னும் கனவான் அதனை அறிந்து, 1812-ஆம் ஆண்டில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஸர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய கடைசி உபந்நியாசங்கள் நான்கிற்குச் சீட்டுக் கொடுத்தார். பாரடே மேல்மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே அமர்ந்து கேட்டு, வீடு சென்று விரித்தெழுதி, 300 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகத் தம் கையாலேயே கட்டினார். சாஸ்திரத் தொழிலில் கீழான வேலையாயினும் வேண்டுமென்று ராயல் சொஸைட்டியின் தலைவர்க்கு அவர் முன்னரே எழுதியிருந்தார், பதில் கிடைக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில், கட்டிய நூலையும் சேர்த்து டேவிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வெறும் விண்ணப்பம் வாயிலோடு நின்றது. செய்து காட்டிய வேலையுடன் சென்ற விண்ணப்பம் உள்ளே புகுந்தது.

1813-ஆம் ஆண்டு ஜனவரியில் இருவரும் சந்தித்தனர். வியாபாரம் தன்னலமுடையதென்றும் சாஸ்திரம் பயில்வோர் உயர்ந்த உள்ளமுடையவர் என்றும் இளைஞர் பாரடே நம்பியிருந்தார். அதைக் கேட்ட டேவி புன்னகை செய்து, அதைப்பற்றிச் சில ஆண்டு அனுபவமே அவர்க்குக் கற்பிக்கும் என்றார். புத்தகங் கட்டும் தொழிலை விடவேண்டாமென்றும் அறிவுரை கூறினார். அந்த அனுபவத்தைக் கற்பிக்கப்போகிறவர் தாமே என்பதை டேவி அன்று அறிந்திருப்பாரா?

வேலை கிடைத்த வகைதான் நம் கருத்துக்கு மிகவும் பொருந்துவது. பிப்ரவரி மாதத்தில் பரிசோதனைச்சாலை உதவியாளராகிய பெயின் என்பவர், கருவிகள் செய்யும் நியூமனோடு சண்டையிட்டு அடித்துவிட்டார்; அதனால் வேலையினின்று நீக்கப்பட்டார். அவர்க்கு வேலை தெரியாதென்று எவரும் சொல்லவில்லை. கைநீட்டியதே குற்றம். ஒரு நாளிரவு பாரடே உறங்கப்போகும் சமயம் டேவியின் வண்டி வீட்டு வாயிலில் வந்து நின்றது; மறுநாட்காலை வரும்படி கடிதம். பெப்பிஸ் என்பவரிடம் டேவி யோசனை கேட்டபோது, பையனைப் புட்டி கழுவ வைத்துப் பாரும், உதவக்கூடியவனானால் உடனே கழுவுவான், மறுத்தால் ஒன்றுக்கும் உதவான் என்று அவர் சொன்னாராம். அதற்கும் மேலான வேலை கொடுத்தே சோதிக்கவேண்டும் என்றார் டேவி. மார்ச்சு மாதம் 1-ஆந் தேதி நியமனமாயிற்று. வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம், மேல்மாடியில் இரண்டு அறைகள், விறகும் மெழுகுவர்த்தியும்.

பெயின் இழந்த இடத்தில் வந்தமர்ந்த பாரடே இயல்பிலே சாந்தமுடையவர் என்று எண்ணவேண்டாம். பிற்காலத்தில் அவரோடு பல்லாண்டு பழகிய டிண்டல் என்பவர், அவருள்ளே எரிமலை போன்ற வெப்பம் இருந்ததென்றும், அதனைத் தன்னடக்கத்தால் வேலைக்குரிய சக்தியாக்கிக் கொண்டார் என்றும் கருதினார். அவ்வடக்கம் முதன்முதற் சோதிக்கப்பட்டது ஐரோப்பாப் பிரயாணத்தில்.

1813-ஆம் ஆண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியாரோடு பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளுக்குப் புறப்பட்டார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. நெப்போலியன் அளித்த அநுமதிச்சீட்டே அவர்களைக் காத்தது. பாரடே சாஸ்திர உதவியாளராகச் செல்வதாக ஏற்பாடு. புறப்படுவதற்குச் சில நாளுக்கு முன் டேவியின் பணியாள் வர மறுத்துவிட்டான். பாரிஸில் வேறொருவன் கிடைக்குமட்டும் அவனுடைய வேலைகளிற் சிலவற்றையும் பார்த்துக்கொள்ளும்படி டேவி கேட்க, பாரடே மனமில்லாமலே இணங்கினார். பாரிஸில் ஆள் கிடைக்கவில்லை. ஜெனோவாவிலும், பிளாரென்ஸிலும், ரோமாபுரியிலும் கிடைக்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்காலம் அவ்வேலை அவர் தலைமேலே நின்றது. டேவியின் மனைவியார் செல்வச்செருக்குடையவர். அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். ஜெனீவா நகரத்தில் ஒரு சாஸ்திரியார் பாரடேயையும் விருந்துக்கு அழைத்தபோது, அம்மாது அவரோடு ஒரே மேசையில் உண்ண மறுத்ததாகவும், வீட்டுக்காரர் பாரடேக்குத் தனியே உணவு அனுப்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

பாரடே என் செய்தார்? வேலையை விட்டு ஊர் திரும்பிவிடலாமென்று பலமுறை நினைத்தார். தம் குறைகளை ஆபட் என்னும் உயிர்நண்பர்க்குக் கடிதங்களில் எழுதி மனப்பாரத்தை இறக்கிக்கொண்டார். வழியிற் கண்டாரிடமெல்லாம் எஜமானரைத் தூற்றவில்லை. பாரிஸில் டேவி அயோடினை ஆராய்ந்தபோதும், பிளாரென்ஸில் பெரிய கண்ணாடிவில்லையால் வைரத்தை எரித்தபோதும் அருகிலிருக்கும் பாக்கியம் அவ்வேலையாற் கிடைத்ததென்பதை அவர் மறக்கவில்லை. ஆம்பேரையும், முதுமையடைந்திருந்த வோல்டாவையும் கண்டார். பிரெஞ்சும் இத்தாலிய பாஷையும் கற்றார். அம்மாதின் சொற்களுக்குக் கலங்குவதை நாளடைவிலே விட்டுவிட, அவரும் அதிகாரத்தைக் குறைத்துக்கொண்டு சற்று மரியாதையாய் நடக்கலானார் என்று பாரடே எழுதியிருக்கிறார். எதிர்த்துக் கூச்சலிடுவதாலும் காலில் விழுவதாலும் இது நடந்திராது. 1815-ஆம் ஆண்டில் திரும்பி வந்தபின் சம்பளம் 30 ஷில்லிங்காக உயர்ந்தது.

இனி அவருடைய நாவின் சங்கதி. வேலையிற் சேர்ந்த சில மாதத்துக்குள்ளே, உபந்நியாசம் என்பது எவ்வாறு இருக்கவேண்டும் என்று ஆபட்டுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். தாம் பேசிப் பழகுவதற்கு முன், பிறர் பேசுவதையும், கேட்போரின் முகங்களையும் கூர்ந்து நோக்கிக் கற்றவை அவை. ஒரு மணி நேரத்துக்கு மேற் பேசலாகாது. கேட்போர்க்கு முதுகு காட்டலாகாது. கைதட்டலுக்காக வார்த்தை தேடலாகாது. மண்டபத்தில் நல்ல காற்று வரவேண்டும் என்பன போன்ற செய்திகள் அவற்றில் உள்ளன. 21 வயதுள்ள ஓர் ஏவலாள் மண்டபத்தின் காற்றைப்பற்றிக் கவலைகொள்வது நமக்கு வியப்பாயிருக்கிறது. 1818-ஆம் ஆண்டில், தமது சொற்பச் சம்பளத்தினின்று ஸ்மார்ட் என்னும் ஆசிரியர்க்குப் பாடத்துக்கு அரைக்கினி கொடுத்துப் பேச்சுக்கலை பயின்றார். மக்ராத் முதலிய நண்பர் சிலர் மாலைவேளையிற் கூடி, ஒருவர் உச்சரிப்பையும் சொல்லமைப்பையும் மற்றவர் தயவுதாட்சிணியமின்றித் திருத்தி வந்தனர். பெரும்புகழ் பெற்ற பின்னரும், உபந்நியாசத்தின்போது மெதுவாக என்று எழுதிய ஓர் அட்டையைத் தம் முன்னே வைத்துக்கொள்வார். மறந்து வேகமாய்ப் பேசத்தொடங்கினால் உதவியாளர் அவ்வட்டையை எடுத்துக் காட்டவேண்டும். நேரம் முடியப்போகும் தருணத்திற்கு வேறோர் அட்டை. குழந்தைகளுக்காக ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நடைபெறும் கிறிஸ்துமஸ் உபந்நியாசங்களை 1827 முதல் 1860 வரையுள்ள காலத்தில் 19 முறை நிகழ்த்தியவர், தம் வேலைக்காரர் கையால் அட்டை காட்டித் திருத்தப்படுவதை இழிவாக நினைக்கவில்லை.

இவ்வளவு கற்றவரும் ஒரு முறை தவறினார். அதை மறைத்து எழுதினால் சரித்திரம் ஸ்தோத்திரமாகிவிடும். 1820-ஆம் ஆண்டில் எர்ஸ்டெட் என்பவர் மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் உல்லாஸ்டன் என்னும் பெரியார் டேவியிடம் வந்து, காந்தத்தினாற் கம்பி தன் அச்சிலே சுழலக்கூடுமென்று எண்ணிச் சோதனை செய்தார், அது பலிக்கவில்லை. சோதனையின்போது பாரடே அங்கில்லை. பின்னர் நடந்த பேச்சைக் கேட்டார். அவ்வாண்டு ஜூன் மாதம் அவர்க்கு ஸாரா பார்னார்டு அம்மையோடு திருமணம் நடந்தது. செப்டம்பர் 3-ஆந் தேதி, காந்தத்தைச் சுற்றிக் கம்பி வட்டமாய்ச் சுழலுவதை அவர் கண்டார். மகிழ்ச்சியால் மேசையைச் சுற்றி ஆடினார். உடனிருந்த இளமைத்துனரை நாடகக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். உல்லாஸ்டனைக் காணப் போனபோது அவர் ஊரிலில்லை. அவருடைய அநுமதியின்றி அவர் பெயரை எழுதுதல் தகாதென்று எண்ணி, பெயரின்றியே தம் கட்டுரையை அக்டோபரில் வெளியிட்டுவிட்டார். சில நாளைக்குள்ளே, பிறர் கருத்தைத் திருடிவிட்டார் என்னும் பழி நகரத்திற் பரவிற்று.

அவர் கண்டது உல்லாஸ்டன் தேடியதன்று. ஒன்று கம்பி தன் அச்சிற் சுழல்வது, மற்றது காந்தத்தைச் சுற்றிவருவது. ஆயினும் இது சாஸ்திரக் குற்றமன்று, பழகும் முறையில் நேர்ந்த குற்றம் என்பதே நம் துணிபு. சில வாரம் பொறுத்திருக்கலாம். பெரியவரின் முயற்சியை ஒரு வரியாற் குறிப்பிட்டிருக்கலாம். அவசரமே பழிக்கு இடங்கொடுத்தது. பின்னர் அவர் நடந்த விதமோ மெச்சத்தக்கது. வதந்தி பரப்புவோரைத் தேடிச் சண்டையிடாமல், நேரே உல்லாஸ்டனுக்கே எழுதி, தாம் செய்த பிழை யாதாயினும் சொல்லவேண்டுமென்றும், நேரிற் காண விரும்புவதாகவும் தெரிவித்தார். உல்லாஸ்டன் சிறிது விலகி நின்றே பதிலெழுதினாலும் சந்திக்க இசைந்தார். பின்பு தாமே வந்து அச்சோதனைகளைப் பார்த்தார்.

ஆயினும் வடு ஆறவில்லை. 1823-ஆம் ஆண்டில் நண்பர்கள் பாரடேயை ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராக்க விண்ணப்பமெழுதியபோது, முதற் கையெழுத்து உல்லாஸ்டனுடையது. தடுக்க முயன்றவரோ டேவி! அவர் அப்போது சொஸைட்டியின் தலைவர். விண்ணப்பத்தை இறக்கிவிடும்படி பாரடேயிடம் சொன்னார். ஏற்றியவர் தாமல்லராதலின் இறக்கவும் தம்மாலாகாது என்றார் பாரடே. அப்படியானால் தலைவராகிய தாமே இறக்கிவிடுவதாக டேவி சொல்ல, சொஸைட்டிக்கு நன்மையென்று எண்ணுவதையே அவர் செய்வார் என்று நம்புவதாகப் பாரடே மறுமொழி கூறினார். அச்சொல்லிற் பணிவும் இருக்கிறது, பின்வாங்காமையும் இருக்கிறது. 1824-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆந் தேதி இரகசிய வாக்கெடுப்பில் ஒரே வாக்கு எதிராக விழ, அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். அவ்வொரு வாக்கைப் போட்டவர் யாரென்று ஆராய்வது நமக்கு வேண்டியதில்லை. அடுத்த ஆண்டில் பரிசோதனைச்சாலையின் தலைமையைப் பாரடேக்கு அளிக்கும்படி சிபாரிசு செய்தவரும் டேவியே. 1829-ஆம் ஆண்டில் டேவி இறந்த பின்னும், தமக்கு முதற்கதவைத் திறந்தவர் என்னும் நன்றியோடே பாரடே அவரைப்பற்றிப் பேசிவந்தார்.

இணங்கிப் போதல் என்பது எதற்கும் தலையாட்டுதல் என்று கருதுவோர், 1835-ஆம் ஆண்டில் நடந்ததை நோக்குக. அரசாங்க உபகாரச் சம்பளம் பற்றிப் பேசப் பிரதம மந்திரி மெல்பர்ன் பிரபு அவரை அழைத்தார். சாஸ்திரிகளுக்கும் புலவர்க்கும் அவ்வாறு பணங் கொடுப்பதே பெரும் பொய்க்கூத்து என்று பிரபு இழித்துரைத்தார். பாரடே வாதாடவில்லை, வணங்கி வெளியேறி, அன்று மாலையே மந்திரியின் வாயிலில் ஒரு சிறு கடிதத்தைச் சேர்த்து, அப்பணம் தமக்கு வேண்டாமென்று தெரிவித்தார். இறுதியில் மந்திரியே எழுத்து மூலமாக வருத்தம் தெரிவித்தார். ஆண்டுக்கு 300 பவுன் அளிக்கப்பட்டது.

தமக்குக் கீழ்ப்பட்டோரிடத்து அவர் எவ்வாறிருந்தார் என்பதற்கு ஆண்டர்ஸன் ஒருவரே போதும். பீரங்கிப்படையிற் சார்ஜெண்டாயிருந்த இவர், 1827-ஆம் ஆண்டில் கண்ணாடி செய்யும் ஆராய்ச்சிக்கு உதவியாக வந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்வதே இவர் குணம். ஒரு நாள் மாலை வீட்டுக்குப் போகலாமென்று சொல்லப் பாரடே மறந்துவிட, மறுநாட்காலை வந்து பார்த்தபோது உலை அணையாதபடி இரவெல்லாம் எரியவிட்டுக்கொண்டிருந்தாராம்! உபந்நியாச மண்டபத்தில் அந்த அட்டையைக் காட்டும் பொறுப்பும் இவருடையதே. தாம் எழுதியவற்றில் பாரடே இவருடைய உதவியைப் பெயர் சொல்லி நன்றியுடன் குறித்திருக்கிறார். 1821-ஆம் ஆண்டின் பாடம் வீண்போகவில்லை.

அறியாததைப் பிறரிடம் கேட்கவும் அவர் கூசியதில்லை. 1834-ஆம் ஆண்டில் தம் புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தக்க சொற்கள் வேண்டிக் கேம்பிரிட்ஜ் வித்துவான் ஹ்யூவெலை நாடினார். இரசாயன மாணவர் இன்றும் உருப்போடும் ஆனோடு, காதோடு, அயான் என்பன ஹ்யூவெல் அளித்தவை. 1857-ஆம் ஆண்டில், கணித முடிபுகளைச் சாதாரண பாஷையிலும் எழுதினால் தம்மைப்போன்றவர்க்குப் பயன்படுமே என்று, தம்மினும் 40 ஆண்டு இளையவரான மாக்ஸ்வெல்லை வேண்டினார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1844-ஆம் ஆண்டில் டர்ஹாம் நாட்டு ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி நேர்ந்து 95 பேர் மாண்டனர். விசாரணைக்கு அரசாங்கம் பாரடேயையும் லயெல் என்னும் பூதத்துவ சாஸ்திரியையும் அனுப்பிற்று. சாட்சிகளைப் பாரடே விசாரித்த திறம், வழக்கறிஞர் தொழிலிலேயே வளர்ந்தவரோ என்று லயெல் வியக்கும்படி இருந்தது. சுரங்கத்தினுள்ளே மூட்டையொன்றின்மேல் அமர்ந்து தொழிலாளரோடு பேசிக்கொண்டிருந்தவர், வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாராம். அவர் உட்கார்ந்திருக்கும் மூட்டையில்தான் என்று பதில் வந்தது. பக்கத்திலே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

பாரடே ஸாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அச்சபையில் மூப்பராகவும் இருந்தார். ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி வந்தபோதும் அதனை ஏற்கவில்லை. நடுவயதிலேயே ஞாபகசக்தி தளரத் தொடங்கிற்று. ஆகவே ஒவ்வொரு சோதனையையும் பத்திபத்தியாய் எண்ணிட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவ்வெண்கள் பதினாறாயிரத்தைக் கடந்தன. முதுமையில் தம்மால் இயலாதென்று தோன்றிய வேலைகளை, பிறர் சொல்லுமட்டும் காத்திராமல், ஒவ்வொன்றாகத் தாமே ஒப்படைத்தார். 1862-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடைசி வெள்ளிக்கிழமை உபந்நியாசத்தை நிகழ்த்தினார். ஆண்டர்ஸன் 1866-ஆம் ஆண்டில் இறந்தார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆந் தேதி, விக்டோரியா மகாராணியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்திருந்த வீட்டில், தம் படிப்பறை நாற்காலியில் அமர்ந்தபடியே பாரடே அமைதியாய் உயிர் நீத்தார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.